அந்நிய மொழி எது? காட்டுப் படிப்பும் மொழிப் பாடமும் குறித்துச் சில கேள்விகள்

ஆட்டையாம்பட்டி டீக்கடையில் போன மாதம் ஒரு பையன் கேட்டான்: “ஏனுங்ணா, இங்கிலீஷ் படிச்சே நாலு வருசம் போச்சு. இப்ப மேல்படிப்புக்கு இன்னொரு பாஷையும் வேணும்ங்கறாங்க. அந்த நேரத்துல நான் புள்ளியியல் படிக்கட்டுமா, பிரெஞ்சு படிக்கட்டுமா?”

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். வீட்டில் விசைத்தறி. வனவியலில் பட்டம் வாங்கிவிட்டு, காட்டுயிர்ப் பாதுகாப்பில் முதுகலை படிக்க வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் அது ஒரு மணிக்கணக்கு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதில் மொழிக்கு எவ்வளவு, சிறப்புப் பாடத்துக்கு எவ்வளவு? கல்வியாளர்கள் இதற்குச் ‘சமநிலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. தராசு என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்திருப்பது யார், ஒரு தட்டில் ஏற்கெனவே ஏறிக் கிடக்கும் பாரம் எது என்று கேட்டாக வேண்டும்.

பாரம் எதுவென்று பையனே சொல்லிவிட்டான். நாலு வருஷ ஆங்கிலம். அவன் பட்டியலில் அது அந்நிய மொழியாகக் கணக்கில் வராது. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. பூச்சியியலோ மண்ணியலோ, ஒவ்வொரு தாளையும் அவன் இரண்டு தாளாகப் படித்திருக்கிறான். ஆங்கிலம் ‘இயல்பானது’, பிரெஞ்சு ‘அந்நியமானது’ என்ற பிரிவினையைச் செய்தது யாருடைய பொதுப்புத்தி?

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். இந்தியாவில் காட்டைப் பற்றிய படிப்பு பிறந்ததே அந்நிய மொழிகளில்தான். 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளராக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் ஒரு ஜெர்மானியர். அன்று இங்கிலாந்தில் வனவியல் கற்றுத்தர ஆளில்லை. அதனால் 1867இலிருந்து இந்திய வனத்துறைக்குத் தேர்வான ஆங்கிலேய இளைஞர்களை பிரான்சின் நான்சி நகரத்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். அவர்கள் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்றுத்தான் மரம் கற்றார்கள். 1885இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் வனவியல் தொடங்கும்வரை இதுதான் ஏற்பாடு. நம் மாகாணத்துத் தாவரங்களைத் தொகுத்த ஜே.எஸ். கேம்பிளும் நான்சியில் படித்தவர்தான். அன்று யாரும் மொழியா, சிறப்புப் பாடமா என்று கேட்கவில்லை. மொழி வழியாகத்தான் பாடமே வந்தது.

அந்த அதிகாரிகள் இங்கே வந்தபின் உள்ளூர் மொழித் தேர்வும் எழுதினார்கள். ஆனால் எதற்கு? 1882 மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் மலையில் விறகெடுத்தவரையும் மாடு மேய்த்தவரையும் விசாரிப்பதற்கு. ஆக, மொழி கற்றுக்கொள்வதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. எந்தத் திசையில் அறிவு போகிறது, எந்தத் திசையில் ஆணை வருகிறது என்பதே கேள்வி.

லத்தீனை எடுத்துக்கொள்வோம். 1935 முதல் 2011 முடிய, புதிய தாவர இனம் ஒன்றை அறிவிக்க லத்தீனில் ஒரு விவரணை எழுதியாக வேண்டும் என்பது தாவரப் பெயரிடல் விதி. 2012 ஜனவரி முதல் ஆங்கிலமும் போதும் என்றானது. மாணவனுக்கு ஒரு சுமை குறைந்ததென்று மகிழலாம். ஆனால் லத்தீன் எல்லோருக்கும் சமமாக அந்நியம், ஆங்கிலம் அப்படியில்லை. சுமையை இறக்கியவர்கள் யாருடைய தோளிலிருந்து இறக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு உதாரணம் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. 1678க்கும் 1693க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த நூல். இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர் தந்த அறிவு அதில் லத்தீனாக உறைந்து போயிற்று. கே.எஸ். மணிலால் என்ற தாவரவியலாளர் லத்தீன் கற்று, பல்லாண்டுகள் உழைத்து, 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அதைக் கொண்டுவந்தார். மலையாளத்திலிருந்து போனது மலையாளத்துக்குத் திரும்பி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மணிலாலுக்கு லத்தீன் சிறப்புப் பாடத்தின் எதிரியாக இருக்கவில்லை. அதுவே அவருடைய சிறப்புப் பாடம்.

நமக்குப் பக்கத்திலேயே பாண்டிச்சேரி இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியத் தாவரப் போர்வையை வரைபடமாக்கியது. அங்கே பணியாற்றிய பியேர் லெக்ரி 1963இல் இந்தியத் தாவரங்கள் பற்றி எழுதிய பெருநூல் பிரெஞ்சில் உள்ளது. இந்தியக் காட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் பையனுக்குப் பிரெஞ்சு வேண்டியிருக்கிறது! இது வேடிக்கையாகப் படலாம். ஆனால் 2014இல் உலகில் வெளியான உயிரினப் பாதுகாப்பு சார்ந்த 75,513 அறிவியல் ஆவணங்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது 35.6 சதவீதம் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இருந்ததாக 2016இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆங்கிலம் மட்டும் போதும் என்பவர் மூன்றில் ஒரு பங்கை மூடி வைத்துவிட்டுப் படிக்கிறார்.

எனவே மொழிப் பாடம் வேண்டும். ஆனால் எப்படிப்பட்டது? வணக்கம் சொல்லவும் ஹோட்டலில் காபி கேட்கவும் சொல்லித்தரும் ஒரு பருவத்துப் பிரெஞ்சு யாருக்கும் உதவாது. அந்த நேரத்தில் பையன் புள்ளியியல் படிப்பதே மேல். தப்பான மாதிரி எடுப்பில் எண்ணப்பட்ட புலிகளை எந்த மொழியில் எழுதினாலும் தப்புத்தான். சிறப்புப் பாடத்தின் பக்கம் இருக்கும் இந்த நியாயத்தை நாம் மறுக்க முடியாது. பேச வேண்டாம், வாசித்தால் போதும். தன் துறைக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றுத்தரும் பாடம் சிறப்புப் பாடத்தின் நேரத்தைத் தின்னாது, அதற்குள்ளேயே நடக்கும்.

இது பாதிக் கதைதான். மறுபாதி அரியானூரில் இருக்கிறது. எங்களூரிலிருந்து கொஞ்ச தூரம். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வந்து முடியவிருந்த இடம். 2018இல் இந்தப் பக்கத்து விவசாயிகள் கிணற்றையும் தென்னையையும் காட்டி அழுதார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது; சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்றது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பே அது தேவையில்லை என்றது. இந்த வழக்கின் மையமான ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்ற பிரதி எந்த மொழியில் எழுதப்படுகிறது? 2006 அறிவிக்கைப்படி பொது விசாரணைக்கு வட்டார மொழியில் ஒரு சுருக்கம் தந்தால் போதும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மூலம் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். அந்த விதியையே மாற்ற வந்த 2020 வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் தரச்சொல்லி 2020 ஜூன் 30இல் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

இப்போது கேட்போம், அந்நிய மொழி எது? நிலம் போகிறவருக்கு ஆங்கிலம் அந்நியம். அறிக்கை எழுதுகிற பட்டதாரிக்கோ தமிழ் அந்நியமாக்கப்பட்டிருக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இந்திய வனப்பணித் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். வனப் பாதுகாவலர் என்ற பதவி தமிழைத் தேர்வறை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறது.

தமிழில் எழுது என்றவுடன் கலைச்சொல் குழு போட்டு, யாருக்கும் புரியாத சொற்களை வார்க்கும் ஆட்களும் வந்துவிடுவார்கள். அதுவும் இன்னொரு அந்நிய மொழிதான். அல்பிசியா அமாரா என்று பாடநூல் சொல்லும் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே உசிலை, வடக்கே துரிஞ்சில், நம்ம பக்கம் அரப்பு. தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் எங்கிருந்து வருகிறதென்று எங்களூர்க் கிழவிக்குத் தெரியும். அல்பிசியா என்பது ஓர் இத்தாலியப் பிரபுவின் குடும்பப் பெயர் என்று பையனுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தேர்வுத் தாளில் இடம்பெறாத வரை அந்தப் பட்டம் அரைப் பட்டம்தான்.

நான் பையனிடம் சொன்னது இதுதான்: பிரெஞ்சு படி, வாசிக்கிற அளவுக்குப் படி. ஆனால் உன் ஆய்வேட்டை முடித்ததும் அதைத் தமிழில் பத்துப் பக்கம் எழுதி, ஒரு கிராமசபையில் நின்று வாசி. அவர்கள் கேட்கிற கேள்விகளையும் பின்னிணைப்பாகச் சேர். இதற்கு மதிப்பெண் தரும் பல்கலைக்கழகம் வரட்டும்.

அவன் சிரித்தான். “மார்க்கு யாருங்ணா போடுவாங்க? எங்க சாருக்கே தமிழ்ல எழுத வராதுங்களே” என்றான்.

அவன் சொன்னது சரி. கோளாறு மாணவனின் கால அட்டவணையில் இல்லை. முதலில் மொழிப் பாடத்தில் உட்கார வேண்டியவர்கள் யாரென்பதை நாம் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை.