பாக்கா மொழியும் காட்டுழைப்பின் சொற்களும்

ஒரு மொழியின் பிறப்பிடத்தைக் கண்டறிந்ததும் அதனைப் பேசுவோரின் வரலாறும் விளங்கிவிட்டதாகக் கருதும் போக்கு ஆய்வுலகில் இன்றும் உண்டு. தென்கிழக்குக் கமரூனிலும் அதனையடுத்த கபோன், கொங்கோக் காடுகளிலும் வாழும் பாக்கா மக்களைப் பற்றிய ஆய்வுகளிலும் இப்போக்கின் சாயலைக் காணலாம்.

பாக்கா, உபாங்கி மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. கிழக்கேயுள்ள அக்கா மக்களின் மொழியோ பாந்து வகையினது. இலக்கணத்தால் இவை வேற்று மொழிகள். எனினும் தேனெடுத்தல், வேட்டை, காட்டு மரஞ்செடிகள் ஆகியன தொடர்பான சொற்கள் பல இரண்டிற்கும் பொதுவாயுள்ளன. யானை வேட்டையில் வல்லவனைக் குறிக்கும் 'தூமா' என்பது அவற்றுள் ஒன்று. 1992இல் நூலொன்றை வெளியிட்ட பிரெஞ்சு ஆய்வாளர் சேர்ஜ் பாயுஷே, இவற்றை ஒரே மூதாதைச் சமூகத்தின் எச்சங்களாகக் கொண்டார்.

தரவுகளைத் திரட்டிய அவரது உழைப்பு பெரிது. ஆனால் பொது மூலம் என்பது சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கே விடையாகும். ஏனையவை மறைய இவை மட்டும் ஏன் நிலைத்தன என்பதற்கு அது விடையாகாது. இறைச்சியைக் கொடுத்து இரும்பையும் விளைபொருளையும் பெற்ற உறவில், பாக்கா மக்கள் கமக்காரரைச் சார்ந்தே நின்றனர். காட்டினுள் செய்த தொழிலிலோ கமக்காரரே அவர்களைச் சார்ந்திருந்தனர். சொற்கள் நிலைத்தது இவ்விரண்டாவது களத்திலேயே என்பது நோக்கற்பாலது.

சார்ந்து வாழ்வோர் ஆதிக்கமுடையோரின் மொழியை வெறுமனே பின்பற்றுவர் என்ற வாதமும் இங்கு பொருந்தாது. பாக்கா மக்களின் இன்றைய அயலவருட் பெரும்பாலோர் பாந்து மொழியினர். பாக்காவுக்கு நெருங்கிய மொழிகளோ கிழக்கே, உபாங்கி ஆற்றுப் பக்கத்தில் வழங்குகின்றன. அயலவர் மாறியும் மொழி மாறவில்லை. 'பிக்மி' என்று உடலளவால் பெயரிட்டு, அம்மக்களுக்கு வரலாறே இல்லையெனக் கொண்ட குடியேற்றவாத எழுத்துக்களுக்கு இவ்வொரு செய்தியே போதிய மறுப்பாகும்.

பாக்கா இன்றும் குழந்தைகள் தாய்மொழியாகப் பயிலும் மொழி. ஆகவே பேசுவோர் தொகையை மட்டும் பார்ப்போர்க்கு அது நலமுடன் இருப்பதாகவே தோன்றும். ஆனால் விதையிலிருந்து எண்ணெய் தரும் மோவாபி மரத்தை மரக் கம்பனிகள் வெட்டிச் செல்கின்றன. லொபேக்கே காடு 2001இலும், நிக்கி, பூம்பா பெக் காடுகள் 2005இலும் தேசியப் பூங்காக்களாயின; வேட்டைக்கும் காடு செல்லற்கும் தடைகள் வந்தன. காட்டுக் கிழங்கை நாடிக் குடும்பங்களாகப் பல வாரங்கள் காட்டினுள் தங்கும் 'மொலொங்கோ'வுக்கான வெளி சுருங்குகின்றது. அச்சொல்லை அகராதியில் ஏற்றிவிடலாம்; அதன் பொருளைப் பிள்ளைகள் கற்பது அப்பயணத்திலேதான்.