ராஜரத்தினத்துக்கு என்ன குறைவு?

சங்கீத கலாநிதி பட்டம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் அந்தப் பழைய சமாதானத்தைச் சொல்லிவிடுவார். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சென்னை மியூசிக் அகாடமி பட்டம் கொடுக்கவில்லைதான். அதனால் அவருக்கு என்ன குறைவு, குறைவெல்லாம் பட்டத்துக்குத்தான் என்பார். எம்.டி. ராமநாதன், புல்லாங்குழல் மாலி, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று பட்டியல் நீளும். கூட்டம் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடும். காதுக்கு இதமான இந்த வாதம்தான் பட்டத்தின் உண்மையான கோளாறை இத்தனை காலமாக மூடி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

2024-இல் பட்டத்துக்குப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் பெயர் அறிவிக்கப்பட்டபோது நடந்த ரகளை எல்லோருக்கும் நினைவிருக்கும். பாடகிகள் ரஞ்சனி – காயத்ரி அகாடமி மாநாட்டிலிருந்து விலகினார்கள், சித்ரவீணா ரவிகிரண் தன் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்கப்படும் விருது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியாரைப் பாடியது குற்றம் என்றது ஒரு தரப்பு. சங்கீதத்தின் சாதியைக் கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த மரியாதை என்றது மறு தரப்பு. இத்தனை சண்டையிலும் ஒன்றை மட்டும் இருவரும் சந்தேகிக்கவே இல்லை: பட்டம் என்பது மேடை நடுவில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு உரியது.

அகாடமி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. 1941-க்கே துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வயலின் பட்டியலில் இருக்கிறது. 1973-இல் பாலசரஸ்வதிக்கு, ஒரு நாட்டியக் கலைஞருக்கு, இசைப் பட்டத்தைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். 1998-இல் ஷேக் சின்ன மௌலானா. பட்டியலில் உள்ள பெரும்பாலான பெயர்களோடு யாருக்கும் வழக்கில்லை. இவ்வளவும் சரி.

இனி தோல் வாத்தியங்களுக்கு வருவோம். மிருதங்கத்துக்கு முதல் பட்டம் 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அவருக்கு இணையாக, சிலர் கணக்கில் ஒரு படி மேலாக, வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-லேயே காலமாகிவிட்டார். இடது கைக்காரர் என்பதால் மேடையில் இடம் மாறி உட்கார வேண்டியிருந்த, அதற்காகவே சிலர் சேர்ந்து வாசிக்க மறுத்த மனிதர் அவர். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைப் பிடிவாதமாகத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மணி ஐயருக்குப் பிறகு அடுத்த மிருதங்கம் 2001-இல், உமையாள்புரம் சிவராமன். இடையில் 35 ஆண்டுகள். கடத்துக்கு ஒருமுறையும் இல்லை. கஞ்சிராவுக்கு இல்லை. தவிலுக்கு இல்லவே இல்லை. நாகசுரத்துக்கு இரண்டே பேர்: 1956-இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை, பிறகு 42 ஆண்டுகள் கழித்துச் சின்ன மௌலானா. அந்த 1956 டிசம்பரில்தான் ராஜரத்தினம் இறந்தார்.

இதற்குத் தனிமனிதர்களின் விருப்பு வெறுப்பைக் காரணமாகச் சொல்வது சுலபம். காரணம் பட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. அகாடமியின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்களைக் கௌரவிக்கத்தான் 1942-இல் இந்தப் பட்டம் வந்தது. முந்தைய தலைவர்களுக்கும் பின்னோக்கிச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்றும் பட்டம் பெறுகிறவர்தான் காலை அமர்வுகளுக்குத் தலைமை வகிக்கிறார். ஆக, சபையில் எழுந்து லட்சண விஷயம் பேசக்கூடிய, தலைமையுரை படிக்கக்கூடிய ஒருவரைத்தான் அந்த நாற்காலி கற்பனை செய்து வைத்திருந்தது. கோயில் வீதியில் நள்ளிரவு வரை நின்றபடி வாசித்தவர் அந்தக் கற்பனைக்குள் வரவில்லை. நாளடைவில் மாநாட்டுத் தலைவர் என்ற பொருள் தேய்ந்து, நம் காலத்தின் மகா கலைஞர் என்ற பொருள் ஏறிக்கொண்டது. அளவுகோல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

இந்த அளவுகோல் எவ்வளவு குறுகலானது என்பதற்கு எங்கள் தொண்டை மண்டலத்திலேயே சான்று உண்டு. 1934-இல் மறைந்த பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். வயலின், மிருதங்கத்தோடு நிற்காமல் கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லய வித்வான்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்றவர்கள் அந்த மேடையில் இருந்தார்கள். பாடகரைத் தாங்கிப் பிடிக்க வந்தவர்கள் என்று அவர்களைச் சொன்னால் நாயனாப் பிள்ளையே சிரித்திருப்பார். பல்லவியில் அவர் போட்ட கணக்கை அவர்களும், அவர்கள் போட்டதை அவரும் சோதித்துப் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கச்சேரியின் உயிர். அப்படிப்பட்ட சங்கீதத்தில் சிகரம் என்று ஒரே ஒருவரை மட்டும் எப்படிச் சுட்டுவது?

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி, தோளில் வார், முன்னே சுவாமி நகர்ந்துகொண்டே இருக்கிறார். புறப்பாட்டு மல்லாரியில் நாகசுரக்காரர் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குத் தாவும்போது தவில் நடையை விடாமல் பிடித்து, கோர்வையைச் சரியாகத் தாளத்தின் எடுப்பில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் இந்த வித்தையை எங்கு கொண்டுபோய் வைத்தார்கள் என்பதைப் பெரிய மிருதங்க வித்வான்களே வியந்து பேசியிருக்கிறார்கள். மிருதங்கக்காரர் வியக்கிறார்; பட்டக்குழுவின் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-இல் தன் முதல் பட்டியலை வெளியிட்டது. எல்விஸ் பிரெஸ்லி, லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டொமினோ எல்லோரும் அதில் இருந்தார்கள். பெண் ஒருவர்கூட இல்லை. லிட்டில் ரிச்சர்டுக்கும் டொமினோவுக்கும் டிரம்ஸ் வாசித்து, ராக் தாளத்துக்கே உருவம் கொடுத்த ஏர்ல் பாமருக்கும், எல்விஸின் கிதார்காரர் ஸ்காட்டி மூருக்கும் 14 ஆண்டுகள் கழித்து, 2000-இல், பக்கவாத்தியக்காரர்களுக்கென்றே ஒரு பிரிவைத் திறந்துதான் இடம் கொடுத்தார்கள். எல்விஸுக்கும் முன்பே எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973-இல் இறந்தார். அவரைச் சேர்த்தது 2018-இல். அங்கேயும் ரசிகர்கள் எந்தப் பாடகர் பெரியவர் என்றுதான் ஆண்டுதோறும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே தாமதமாகவாவது ஒரு கதவு திறந்தது.

இன்னொரு வேடிக்கை. அந்த ஹாலில் 1994-இல் சேர்க்கப்பட்ட கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அதற்குக் கிராமி கிடைத்தது. 2014-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தது. அவர் பிறந்தது 1942, பட்டம் பிறந்த அதே ஆண்டு. ராக் டிரம்மரின் காதுக்கு எட்டிய கடம் மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அகாடமிக்கு எட்டாதது எப்படி?

சரி, அதனால் அவருக்கு என்ன குறைவு என்று மறுபடியும் கேட்பார்கள். விநாயக்ராமுக்குக் குறைவில்லை. ராஜரத்தினத்துக்கும் குறைவில்லை, அவருடைய தோடி இசைத்தட்டு இருக்கிறது, பாரி நாகசுரத்தை நிலைநிறுத்திய புகழ் இருக்கிறது. ஆனால் பட்டம் இல்லாமலே நின்றுவிட்ட ஒரு மேதையைக் காட்டி, பட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்று முடிவுகட்டுவது மோசடி. பட்டம் சன்மானத்தை நிர்ணயிக்கிறது, வெளிநாட்டுப் பயணத்தை நிர்ணயிக்கிறது, பிள்ளையை எந்த வாத்தியத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு குடும்பம் யோசிப்பதை நிர்ணயிக்கிறது. பாட்டுக்கும் வயலினுக்கும் மாணவர்கள் குவிவதற்கும், அப்பா தவில் வாசித்த வீட்டில் பிள்ளை வேறு வேலை தேடுவதற்கும், பட்டியலில் யார் இருக்கிறார் என்பதற்கும் தொடர்பே இல்லையென்று சொல்லாதீர்கள்.

எங்கள் புதுப்பட்டினம் பக்கம் வந்து பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓர மண்டபங்களிலும் ரிசார்ட்டுகளிலும் வரவேற்புக்குச் செண்டை மேளம், இரவுக்கு டி.ஜே. நாகசுரக் கோஷ்டிக்கு முகூர்த்த நேரம் மட்டும். தாலி ஏறும்போது கெட்டிமேளம் கேட்டால் போதும், ஆலாபனை எடுத்தால் வீடியோக்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். திருக்கழுக்குன்றம் சித்திரைத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு நின்று கேட்கிறவர்களைவிட, மகாபலிபுரம் நாட்டிய விழாவுக்கு வரும் கூட்டம் அதிகம். இது முழுவதும் அகாடமி செய்த வினை என்று சொன்னால் அநியாயம். ஆனால் ஊரில் இது மட்டமான சத்தம் என்று நினைக்கிறவருக்கு, இல்லை, இதுவே உச்சம் என்று உரக்கச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் இருந்தது. அந்த இடம் 80 ஆண்டுகளுக்கு மேலாக நாகசுரத்துக்கு இருமுறைதான் வாயைத் திறந்தது, தவிலுக்கு ஒருமுறைகூட இல்லை.

நாகசுரம், தவில் கலைஞர்களுக்கு அகாடமி வேறு விருதுகள் கொடுத்துத்தான் வருகிறது என்பார்கள். அதைத்தான் இரண்டாம் பந்தி என்கிறேன். சீசன் தொடக்கத்தில் மங்கல இசை வைத்துவிட்டு, ஆட்கள் அரங்குக்குள் வந்து உட்காரும் நேரத்தில் அதை முடித்துவிடுகிற வழக்கமும் அதே பந்திதான். தவில்காரர் காலை அமர்வுக்குத் தலைமை தாங்க முடியுமா என்று முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள். மல்லாரிக் கணக்கை ஒரு தவில் வித்வான் வாயால் சொல்லி, கையால் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினால், அந்த அரங்கில் அதுவரை படிக்கப்பட்ட கட்டுரைகளில் பாதியாவது வெளிறிப்போகும். அடுத்த முறை யார் பெயர் வந்தாலும் அவருடைய அரசியலைத் தோண்டுவதற்கு முன், அவர் பாடகரா இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடங்குங்கள். பெரும்பாலும் பாடகராகத்தான் இருப்பார்.