தாலாட்டில் யார் பேசுகிறார்?

தாய்மையைப் பாடும் நம் பாட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தாயே பாடுகிறாள். இன்னொன்றில் அவளைப் பற்றிப் பிறர் பாடுகிறார்கள். முதல் வகையில்தான் உயிர் அதிகம் என்பேன்.

நாட்டுப்புறத் தாலாட்டின் சொற்கள் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் புரியாது. திண்ணையில் இருக்கும் மாமியாருக்குப் புரியும், நாத்தனாருக்குப் புரியும். பிள்ளையை அழவைத்தது யார் என்று உறவுகளை ஒவ்வொருவராக விசாரிக்கும் சாக்கில், புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாதவள் பேசிவிடுகிறாள். தாய்மாமன் கொண்டுவரும் சீரை அடுக்கிச் சொல்லும்போது பிறந்த வீட்டுப் பெருமையும் காதில் விழுகிறது. வளர்ப்பவளின் மனத்தையும் சேர்த்து ஆற்றும் பாட்டு அது.

ஆழ்வார்கள் இந்தக் குரலின் வலிமையை அறிந்தவர்கள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தாலாட்டினார். குலசேகராழ்வார் கோசலையாகி இராமனைத் தாலாட்டியதோடு நிற்கவில்லை. பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காத தேவகியின் புலம்பலையும் பெருமாள் திருமொழியில் பாடினார். தாய்மைக்குள் இருக்கும் இழப்பை மறைக்காத அந்தப் பதிகம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

குறையும் இதே மரபில்தான் இருக்கிறது. ஆண்பிள்ளை வேண்டிக் கோயில் கோயிலாக அலைந்த கதை தாலாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையில்லாதவளின் அவமானமும் அந்த இனிய மெட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதியில் பெண் குழந்தைக்கென்றே பாரதிதாசன் தாலாட்டு எழுதியது இதற்குச் சரியான பதில்.

திரையில் பெரும்பாலும் மகன் பாடுகிறான். 'மன்னன்' (1992) படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய அம்மா பாட்டு எத்தனை பேரைக் கலங்கவைத்தது! அந்த உருக்கம் உண்மையானது. ஆனால் அங்கே தாய் வணங்கப்படுகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று பாட்டு கேட்பதில்லை. தெய்வமாக்கப்பட்டவள் களைப்பைச் சொல்ல முடியாது, கோபப்பட முடியாது. 'சித்தி' (1966) படத்தில் பி. சுசீலா பாடிய கண்ணதாசனின் தாலாட்டு இதற்கு நேரெதிர். வளர்ந்தபின் பெண்ணுக்குத் தூக்கமே கிடைக்காது என்று சின்னஞ்சிறு மகளிடம் அது உடைத்துச் சொல்லிவிடுகிறது. ஆயிரம் புகழ்ச்சிகளைவிடத் தாய்க்கு நெருக்கமான பாட்டு இதுதான்.

அதே கண்ணதாசன் பாட்டெழுதி, அவர் மறைந்தபின் 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யில், நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணை ஓர் ஆண் தாலாட்டுகிறான். பெற்றவளின் தலையில் மட்டுமே கட்டிவைத்த வேலையை அவன் கையில் எடுத்துக்கொள்கிறான். இப்படிப் பாடும் ஆண்கள் நம் பாட்டுகளில் இன்னும் மிகக் குறைவு.