நாமா, நாங்களா: 'மிடில்மார்ச்' நாவலைக் கூடி வாசித்தல்

1

விக்டோரியா காலத்து நாவல் ஒன்றைக் கூடி வாசிக்கிறோம் என்றால் நம் சூழலில் உடனே ஒரு இளக்காரம் எழுகிறது. யதார்த்தவாத நாவல் முதலாளிய வர்க்கத்தின் வடிவம், எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒரு குட்டி அரசாங்கம், அதைக் கட்டுடைத்துப் போட்டுவிட்டு மேலே போகவேண்டியதுதான் என்று பதிலும் தயாராக இருக்கிறது. இந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணூறு பக்கங்களில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் இதைச் சொல்லிவிட முடிகிறதே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு பிரதியின் அதிகாரம் எங்கே வேலை செய்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை அதற்குள் நடந்து பார்த்தவர்தான் சொல்லமுடியும். அதையும் ஒருவராக அல்லாமல் பலராக நடந்து பார்க்கும்போது வேறு சில விஷயங்கள் தெரியவருகின்றன.

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலை நாங்கள் ஏழு பேர் எட்டு மாதங்களில் வாசித்தோம். எட்டு மாதம் என்பது நாங்களாக வைத்த கணக்கு அல்ல. இந்த நாவல் 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாகத்தான் வெளிவந்தது. எடின்பரோவின் பிளாக்வுட் வெளியிட்டது. ஒரு பகுதியின் விலை ஐந்து ஷில்லிங். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு மாத இடைவெளி இருந்தது, கடைசிப் பகுதிகளில் ஒரு மாதமாகக் குறைந்தது. அந்த இடைவெளியில் வாசகர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், அடுத்து என்ன ஆகும் என்று ஊகித்தார்கள். ஒரே மூச்சில் படித்து முடிக்கும் தனி வாசகர் பிற்பாடு வந்தவர். ஆகவே கூடி வாசிப்பது இந்தப் பிரதிக்கு நாங்கள் திணித்த ஒரு புது முறை ஆகாது.

எலியட்டின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். பிறந்தது 1819இல், வார்விக்ஷயர் மாவட்டத்தில். மார்க்ஸ் வழியாக நாம் அறிந்திருக்கும் ஃபாயர்பாக்கின் 'கிறித்தவத்தின் சாரம்' நூலை 1854இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். மதத்தை மனித உறவாகப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் எழுதிய நாவல் இது என்பதை மறந்துவிடக்கூடாது.

கதை 1829க்கும் 1832க்கும் இடையில் ஒரு சிற்றூர் நகரத்தில் நடக்கிறது. பெரிய காரியம் ஏதாவது செய்யவேண்டும் என்று தவிக்கும் டோரதியா, எல்லாப் புராணங்களுக்கும் ஒரே திறவுகோல் தேடும் கசோபன் என்ற வறட்டு அறிஞரைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறாள். மருத்துவத்தை மாற்றிக்காட்டுவேன் என்று வந்த லிட்கேட் கடனிலும் கல்யாணத்திலும் சிக்கிக் கரைகிறான். வங்கி நடத்தும் பக்திமான் புல்ஸ்ட்ரோடின் பணம் எங்கிருந்து வந்தது என்பது மெல்ல வெளியே வருகிறது. பின்னணியில் நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதா, ரயில், காலரா.

2

எங்கள் ஏழு பேரில் மூவருக்குத்தான் ஆங்கிலம் சரளம். முக்கியமான பகுதிகளை ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார், இன்னொருவர் அங்கேயே அப்போதே தமிழில் சொல்வார். இலக்கிய மொழிபெயர்ப்பு அல்ல, வாய்மொழி. முதல் மாதத்திலேயே ஒரு சின்னச் சொல்லில் மாட்டிக்கொண்டோம்.

எலியட்டின் கதைசொல்லி 'வீ' என்ற சொல்லை விடாமல் பயன்படுத்துகிறார். மனிதர்களின் சுயநலம், குருட்டுத்தனம், பயம் பற்றி எதைச் சொன்னாலும் தன்னையும் வாசகரையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நாம் என்றா, நாங்கள் என்றா? கேட்பவரை உள்ளே சேர்ப்பதை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. கேட்பவரை வெளியே நிறுத்துவது வேறு. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு கிடையாது. அந்தக் கதைசொல்லி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் செய்துவிட்டுப் போய்விடலாம். தமிழில் சொல்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் முடிவு எடுத்தாகவேண்டும்.

தங்களைச் சுற்றித்தான் உலகமே சுழல்கிறது என்ற எண்ணத்தோடு மனிதர்கள் பிறப்பதைப் பற்றிக் கதைசொல்லி பேசும் இடத்தில் 'நாம்' என்றோம், யாரும் மறுக்கவில்லை. 29ஆம் அத்தியாயம் டோரதியாவின் பெயரோடு ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் தன்னையே வெட்டிக்கொண்டு, எப்போதும் இவள் பக்கம்தானா என்று கேட்டுவிட்டுக் கசோபனின் உள்ளே போகிறது. அதுவரை நாங்கள் எல்லோரும் வெறுத்த ஒரு ஆளை 'நாம்' என்ற சொல்லுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது பிரதி. எங்களில் கவிதை எழுதுபவர் சொன்னார்: "இது சும்மா பரிவு இல்லீங்க. கதையோட மையத்தையே நகர்த்தி வச்சிட்டாங்க." சரியான வாசிப்பு அது. மற்றமையை நோக்கி நகர்வது என்று நாம் இன்று கோட்பாட்டுச் சொல்லாடலில் பேசுவதை 1872இல் ஒரு நாவல் வாக்கிய அமைப்பாலேயே செய்துகாட்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வியை நாவல் எத்தனை பேருக்காகக் கேட்கிறது? நிலமும் படிப்பும் உள்ள கசோபனுக்காகக் கேட்கிறது. புல்ஸ்ட்ரோடுக்காகவும் கேட்கிறது. இதற்கு வெளியே போகும்போது எங்கள் வாயில் 'நாம்' வர மறுத்தது.

3

39ஆம் அத்தியாயம். டோரதியாவின் பெரியப்பா புரூக் சீர்திருத்தவாதி, தேர்தலில் நிற்கப்போகிறவர், அதற்காக ஒரு பத்திரிகையையே விலைக்கு வாங்கியவர். அவருடைய குத்தகைக்காரன் டாக்லி. டாக்லியின் மகன் ஒரு முயல்குட்டியைக் கொன்றதற்காகப் பிடிக்கப்பட்டிருக்கிறான். பையனைக் கண்டித்துவை என்று சொல்ல புரூக் வருகிறார். சந்தையில் குடித்துவிட்டு வந்திருக்கும் டாக்லி நிலக்காரரை நேருக்கு நேராகத் திட்டி அனுப்புகிறான். சீர்திருத்தம் வந்தால் உன்னைப் போன்றவர்கள் ஓடவேண்டியிருக்கும் என்கிறான். நாடு முழுக்கச் சீர்திருத்தம் பேசும் மனிதர் தன் குத்தகைக்காரனின் வீட்டுக் கூரையைச் சரிசெய்யவில்லை.

கோலின் மக்கேப் 1974இல் எழுதிய கட்டுரையில் யதார்த்தவாதத்தைக் குற்றம்சாட்ட எடுத்துக்கொண்டதும் இதே காட்சியைத்தான். புரூக்கின் மொழி ஒன்று, டாக்லியின் மொழி ஒன்று. இரண்டையும் அளந்து தீர்ப்புச் சொல்லும் கதைசொல்லியின் மொழி மட்டும் தன்னை மொழியாகவே காட்டிக்கொள்ளாமல் உண்மையின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது என்பது அவருடைய வாதம். மௌனமாக வாசிக்கும் ஒருவருக்கு இது பொருந்தும். சத்தமாக வாசிக்கும்போது அப்படி இல்லை. டாக்லியின் கொச்சையை எங்களில் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் தன் ஊர்ப் பேச்சில் சொல்லிக்காட்டினார். அது முடிந்த கையோடு, அருகிலேயே பாதிரியாரும் படித்த கனவான்களும் இருந்தும் டாக்லி அறியாமையில் கிடந்ததைப் பற்றிக் கதைசொல்லி எள்ளலோடு பேசும் பத்தி வருகிறது. அந்த எள்ளலின் முனை கனவான்களை நோக்கியும் திரும்பியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்தக் குரல் திடீரென்று ஒரு ஆளின் குரலாக, நாற்காலியில் உட்கார்ந்து பேசும் ஒருவரின் குரலாகக் கேட்டது. தீர்ப்புச் சொல்லும் மொழிக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, ஒரு வர்க்கம் இருக்கிறது என்பது காதில் விழுந்துவிட்டது. அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னவர் தன்னையறியாமல் 'நாங்கள்' என்றார். யாரும் திருத்தவில்லை.

மக்கேபுக்கு என் மறுப்பு இவ்வளவுதான்: மேலாண்மை செய்யும் மொழி பிரதியிலேயே முடிந்துபோன விஷயம் அல்ல. யார், யாரோடு, எந்தக் குரலில் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது நிற்கும் அல்லது விழும்.

4

டாலப் அம்மாள் சாராயக்கடை நடத்துபவள். புது ஆஸ்பத்திரியில் லிட்கேட் ஏழைகளைச் சாகவிட்டு அறுத்துப் பார்க்கப்போகிறான் என்று அவள் உறுதியாக நம்புகிறாள், ஊருக்கெல்லாம் சொல்கிறாள். கதைசொல்லி இதைப் பாமரத்தனமாக, நகைச்சுவையாகக் காட்டுகிறார். நாங்களும் சிரித்தோம். எங்களில் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியராக இருப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்பாரற்ற பொணம்னா யாரோடது? பணக்காரங்களோடதா?" என்றார்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குப் போனால் நாவல் சொல்லாமல் விட்ட ஒன்று கிடைக்கிறது. பர்க், ஹேர் என்ற இருவர் எடின்பரோவில் ஆட்களைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியருக்கு விற்றது 1828இல் அம்பலமானது. அதுவரை கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களைத்தான் அறுத்துப் பார்க்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. 1832இல் வந்த உடற்கூறுச் சட்டம், ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, உரிமை கோர ஆளில்லாமல் கிடந்தவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டது. கொலைகாரனுக்கு விதித்திருந்த தண்டனை ஏழையாகச் செத்தவனுக்கு வந்து சேர்ந்தது. புரூக் போன்றவர்கள் கொண்டாடும் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றிய அதே ஆண்டில், அதே நாடாளுமன்றம் செய்த வேலை இது.

ஆக, டாலப் அம்மாள் லிட்கேட் விஷயத்தில் தப்பு, காலத்தின் விஷயத்தில் சரி. முற்போக்கான மருத்துவன் பக்கம் நின்று கதைசொல்லி 'நாம்' என்கிறபோது, அறுபடப்போகும் உடல்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே இருக்கின்றன. மூடநம்பிக்கை என்று நாம் பெயர் வைப்பவற்றில் எத்தனை, பட்டறிந்தவர்களின் தகவல் என்பதை இயக்கக்காரர்கள் யோசிக்கவேண்டும்.

5

56ஆம் அத்தியாயம்தான் எங்களுக்குள் பெரிய சண்டையை மூட்டியது. ரயில் பாதைக்கு நிலம் அளக்க வந்தவர்களை வைக்கோல் வாரும் கவைகளோடு ஆறேழு கூலியாட்கள் துரத்துகிறார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டது கூடுதல் விலைக்காகக் காத்திருக்கும் ஒரு நிலக்காரன் என்று நாவல் காட்டுகிறது. தொழிற்சங்க வேலை செய்யும் நண்பருக்கு இங்கே கோபம் வந்தது. "எப்பவும் தூண்டிவிடப்பட்டவங்கதானா? அவங்களுக்கா கோபம் வராதா?" கேள்வி நியாயமானது. 1830இல் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் கூலி விவசாயிகள் கதிரடிக்கும் எந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறக்குறைய 480 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நாவலின் கதை நடக்கும் அதே ஆண்டுகளில் நடந்தது இது. அதற்கு 'மிடில்மார்ச்' தரும் இடம் ஆறேழு கவைகள்.

ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. நேர்மையான நில நிர்வாகி கேலப் கார்த் கூலியாட்களிடம் ரயிலின் நன்மையை எடுத்துச் சொல்கிறார். கலவரத்தில் சேராமல் ஒதுங்கி வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்த கிழவன் திமோத்தி கூப்பர் பதில் சொல்கிறான். போர் வந்தது, சமாதானம் வந்தது, கால்வாய் வந்தது, ராஜாக்கள் மாறினார்கள், ஏழைக்கு எல்லாம் ஒன்றுதான், ரயிலும் பெரியவர்களுக்குத்தான், நீயும் அவர்கள் ஆள்தான் என்பது அவன் பேச்சின் சாரம். கேலபிடம் பதில் இல்லை. பட்டு அறிந்த உண்மையின் முன்னால் நன்மை பற்றிய சீரான வாதம் நொறுங்குகிறது என்று கதைசொல்லியே ஒத்துக்கொள்கிறார். நாவல் முழுவதிலும் கதைசொல்லியின் 'நாம்' வாயடைத்து நிற்கும் இடம் இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். கூலியாட்களை விரட்ட உதவிய ஃபிரெட் வின்சி என்ற ஊதாரிப் பையனுக்கு அன்றைக்கே கேலபிடம் வேலைக்கு வழி திறக்கிறது. திமோத்தியின் உண்மை ஒரு நடுத்தர வர்க்க இளைஞன் உருப்படுவதற்கான திருப்பமாகச் செலவழிக்கப்படுகிறது. ஃபிரெட் பிற்காலத்தில் பயிர் வளர்ப்பு பற்றிப் புத்தகம் எழுதியதுவரை நாவல் சொல்கிறது. திமோத்தி என்ன ஆனான் என்று சொல்வதில்லை. எலியட்டின் அறியக்கூடிய சமூகத்துக்குள் யார் தனிமனிதர், யார் வெறும் பின்பாட்டு என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுப்பிய கேள்வி இங்கே சதையோடு நிற்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த அத்தியாயம் உள்ள ஆறாம் பகுதி வெளிவந்தது 1872 அக்டோபரில். அதே ஆண்டு பிப்ரவரியில், எலியட் பிறந்த அதே வார்விக்ஷயரில், வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் ஜோசப் ஆர்ச் என்ற வேலி வெட்டும் தொழிலாளி கூலி விவசாயிகளின் கூட்டத்தில் பேசினார். வாரம் 16 ஷில்லிங் கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. மே மாதம் லெமிங்டனில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது. அவர்கள் கேட்ட கூலியிலேயே இரண்டரை வாரம் உழைத்தால்தான் 'மிடில்மார்ச்'சின் எட்டுப் பகுதிகளின் விலையான நாற்பது ஷில்லிங் சேரும். எலியட் ஆர்ச்சை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. திமோத்தி நாவலுக்குள் தனியாக முனகியதை, நாவல் விற்றுக்கொண்டிருந்த அதே மாதங்களில் வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் கூடி 'நாங்கள்' என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

6

நாவலின் கடைசி வாக்கியத்தில் 'நாம்' கரைந்து நீங்களும் நானும் என்று ஆகிவிடுகிறது. வரலாற்றில் இடம்பெறாமல் வாழ்ந்து போனவர்களுக்கு நீங்களும் நானும் கடன்பட்டிருக்கிறோம் என்ற அர்த்தத்தில் முடிகிறது. டோரதியாவை முன்னிட்டுச் சொல்லப்படுவது அது. எங்களில் இருவர் அந்தக் கௌரவத்தைத் திமோத்திக்கும் நீட்டலாம் என்றார்கள். பிரதி கொடுக்காததை நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்று தொழிற்சங்க நண்பர் மறுத்தார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. தீரவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

என் நிலைப்பாடு இது. 'மிடில்மார்ச்' முதலாளிய யதார்த்தவாதம் என்று ஒதுக்குவதும் மாபெரும் மானுடப் பரிவு என்று கும்பிடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள். மையத்தை நகர்த்தும் கருவியை இந்த நாவல் கண்டுபிடித்தது, அதைத் தன் வர்க்கத்தின் எல்லைவரை ஓட்டியது, எல்லையில் ஒருமுறை நின்று வாயடைத்தது. அந்தக் கருவியை எடுத்து எல்லைக்கு அப்பால் கேட்பது வாசிப்பவர்களின் வேலை. எப்போதும் டோரதியாதானா என்று நாவல் கேட்டது. எப்போதும் கசோபன்தானா, டாக்லியின் மனைவி எங்கே என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

இதே கேள்வியை நம் துண்டறிக்கைகளிடமும் தலையங்கங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். 'நாம்' என்று தொடங்காத அறிக்கை அபூர்வம். அந்தச் சொல்லுக்குள் யாரைக் கேட்காமலேயே உட்காரவைத்திருக்கிறோம், அவர்கள் இருந்தால் 'நாங்கள்' என்று திருத்துவார்களா? நம் மொழி இந்தத் திருத்தத்துக்கு வழி வைத்திருக்கிறது. எழுதி முடித்ததை, யாருக்காக எழுதினோமோ அவர்கள் நடுவில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தால் போதும், எந்த இடத்தில் அந்தச் சொல் இடறுகிறது என்பது தெரிந்துவிடும்.