கரணமும் பதிவும்: ஒருபால் திருமணச் சிக்கலில் தமிழ் மரபின் இடம்

முன்னுரை

சமயச் சடங்கையும் அரசுப் பதிவையும் தனித்தனியே பிரித்துவிட்டால் ஒருபாலினத்தார் திருமணச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அடிக்கடி கேட்கப்படும் வாதமாகும். இதற்குப் பழந்தமிழ் மணமுறையைச் சான்றாகக் கொள்ளல் இயல்பே. அச்சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கரணம்

கொடுத்தற்கு உரியோர் கொடுக்கத் தலைவன் தலைவியைக் கரணத்தோடு ஏற்பதே கற்பு எனத் தொல்காப்பியக் கற்பியல் தொடங்குகிறது. உடன்போக்கில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என அடுத்து உரைக்கிறது. காதலருள் சொல் தவறுவோர் தோன்றியதன் பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் செய்தியும் அங்கு உண்டு. எனவே கரணம் மணவுறவின் தோற்றுவாய் அன்று. அவ்வுறவுக்கு ஊரறிந்த சான்று எனலாம். இன்று பதிவேடு ஆற்றும் பணியும் இதுவே.

அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் தீவலம் இல்லை, புரோகிதரும் இல்லை. சிலப்பதிகார மணத்திலோ முதிய அந்தணர் முன்னிற்க மணமக்கள் தீவலம் வருகின்றனர். சடங்கு மாறியும் மணம் நிலைத்தது என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

சட்டம்

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சமயச் சடங்கை வேண்டாது பதிவு அலுவலர் முன் மணம் செய்ய வழிவகுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பளித்தது. இரண்டிலும் சடங்கின் கட்டாயம் நீங்கிற்று. ஆண், பெண் என்னும் இணைச்சொற்கள் நீங்கவில்லை. முன்னது இருபாலுக்கும் தனித்தனி வயது கூறுகிறது. பின்னது கணவன், மனைவி என்றே பேசுகிறது.

‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொருள்கொண்டது. அப்பொருள்கோளும் ஆண்-பெண் இணையைக் கடக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, திருமணம் செய்யும் உரிமை அடிப்படை உரிமையன்று எனவும், சிறப்புத் திருமணச் சட்டத்தை ஒருபாலினத்தார்க்கும் பொருந்துமாறு நீதிமன்றம் மாற்றியமைக்க இயலாது எனவும் ஒருமித்துக் கூறியது. மணமல்லாத இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்ற கருத்து மூவருக்கு இருவர் என்ற நிலையில் தோற்றது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

மதிப்பீடு

இந்நிலையில் ஒரு முரண் நோக்கத்தக்கது. ஒருபால் இணையர் உற்றார் முன்னிலையில் சடங்கு செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை, பதிவைத்தான் மறுக்கிறது. அவர்க்குக் கரணம் கிட்டும், சான்று கிட்டாது. துணைவர் இறந்தால் வாழ்க்கைத்துணை என்ற முறையில் வாரிசுரிமை கோரவும் வழியில்லை. ஆகவே தடை சமயச் சடங்கில் மட்டும் உள்ளது என்னும் வாதம் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது. குடிமைச் சட்டத்தின் சொற்களிலேயே தடை அமைந்துள்ளது.

தொல்காப்பியத்தில் ஒருபால் மணத்துக்கு ஆதரவு காண்பது வலிந்து கொள்ளும் பொருளாகும். தலைவன், தலைவி என்னும் புலனெறி வழக்கை இன்றைய குடிமக்களின் உரிமைக்கு எல்லையாக்குவதும் அத்தகைய பிழையே. அகத்திணை இலக்கணம் பாடற்பொருளுக்கு வரம்பு கட்டியதேயன்றி வாழ்வோர்க்குச் சட்டம் இயற்றவில்லை.

முடிவுரை

சான்றின் வடிவம் காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதே தமிழ் மரபு உறுதியாக உணர்த்துவது. அச்சான்று யார்க்கெல்லாம் உரியது என்னும் வினாவுக்கு விடை நம் சுவடிகளில் இல்லை. அதனைச் சொல்லவேண்டியது சட்டமன்றமும் நாடாளுமன்றமுமே.