மாடம்: மாளிகையா, விளக்கு வைக்கும் குழியா?

'மாடம்' என்ற சொல்லுக்கு, வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் புத்தகங்களில் நான் புரட்டிப் பார்த்தவரை ஒரே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். மாடம் என்றால் மாளிகை. பாடத்தின் அடியில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு வரி, அத்தோடு சரி. மதுரைக்கு நான்மாடக்கூடல் என்று ஏன் பெயர் என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். அதே பிள்ளையிடம் ஊரிலிருந்து வந்த பாட்டி, "மாடத்துல தீப்பெட்டி இருக்குது பாரு, எடுத்துக்கினு வா" என்றால் எந்த மாளிகைக்குப் போவது என்று தெரியாமல் விழிக்கிறது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் போட்டியில் மாடம் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். 'சுவத்துல விளக்கு வைக்கிற எடம்' என்று ஒரு பெண் பிள்ளை பேச்சுத் தமிழிலேயே எழுதியிருந்தாள். எழுத்து வராததால் அவள் தடுமாறவில்லை. பாட்டியிடம் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாள். விடைத்தாளில் மாளிகை என்று இருந்தபடியால் அவளுக்குச் சுழியம். திருத்தியவரைக் கேட்டேன். "அது கொச்சைங்க, இலக்கியத்துல அப்படி இல்லை" என்றார். நான் ஜவுளி வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனாலும் நாற்பது வருஷமாக, கடை கட்டிய பின் இரவு ஒரு மணி நேரம் நிகண்டும் உரையும் புரட்டி வருகிறவன். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய பொருளைக் கொச்சை என்று தள்ளினால் பெரிய பொருளும் நமக்குச் சரியாக விளங்காது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

முதலில் அந்தச் சின்ன மாடத்தைப் பார்ப்போம். ஊரில் பழைய வீடு இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்சுவரோ செங்கல் சுவரோ, அந்தக் காலத்தில் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி கனம் இருக்கும். தெருவாசலின் இரு பக்கமும், ஆள் நின்றால் மார்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்தில் சுவரைக் குடைந்தாற்போல் விட்டிருப்பார்கள். அது மறுபக்கம் திறக்காது. அடி சமதளமாக இருக்கும். மேல்பக்கம் வளைவாகவோ கூம்பாகவோ முடியும். கூம்பாக வேண்டுமானால் கொத்தனார் இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவிடுவார். அழகுக்கு மட்டும் செய்ததல்ல. மேலே இருக்கிற சுவரின் பாரம் இரு பக்கமும் இறங்கிவிடும், உத்தரம் தேவையில்லை. மூன்று பக்கமும் அடைப்பு என்பதால் அகல்விளக்கு சட்டென்று காற்றுக்கு அணையாது. புகை மேலேறி, மாடத்தின் நெற்றியில் கரியாகப் படிந்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கரிதான் கடைசிவரை போகாது.

விளக்கு மட்டுமா? தீப்பெட்டி, சாவிக்கொத்து, பல்பொடி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, படித்துவிட்டு வைத்த தபால் கார்டு, தயிர்க்காரிக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை எல்லாம் அங்கேதான். சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். ஆகவே எங்கள் மாடத்து விளக்கு சாப்பிடுவதற்கான வெளிச்சமல்ல. பூச்சி வந்து சுடரில் விழுந்துவிடக் கூடாதே என்று என் பாட்டி அதன் முன்னால் துளையிட்ட ஒரு பித்தளைத் தகட்டைச் சாத்தி வைப்பாள். மற்ற வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் இதை மாடம் என்போம். தெற்கே மாடாக்குழி என்பார்கள். தஞ்சாவூர்க்காரர்களிடம் கேட்டால் பிறை அல்லது மாடப்பிறை என்பார்கள். மேல்வளைவு பிறைச்சந்திரன் மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. புரை என்றும் ஒரு சொல் உண்டு. தமிழில் புரை என்றால் துளை, உட்குழிவு. மலையாளத்தில் 'புர' என்றால் வீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழிக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு மாடம் என்ற ஒரு சொல்லோடு நிற்பதில்லை.

இப்போது பெரிய மாடத்துக்கு வருவோம். மாளிகை என்றும், பல அடுக்கு வீடு என்றும் பொருள் சொல்கிறார்கள். பிழை இல்லை. மாடி என்று நாம் தினமும் சொல்வதும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆனால் மாடம் என்றாலே பல அடுக்கு என்றால், 'எழுநிலை மாடம்' என்று நிலையைத் தனியாக எண்ணிச் சொல்வானேன்? அடுக்கு என்பது மாடத்துக்கு வந்து சேரும் ஒரு தன்மை; மாடத்தின் உயிர் அதுவல்ல.

கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களைப் பாருங்கள். வைகல், நல்லூர் போன்ற ஊர்களில் சன்னதி உயரமான மேடைமேல் இருக்கிறது. படியேறிப் போக வேண்டும். அதைத்தான் மாடக்கோயில் என்றார்கள். பெண்ணாகடத்துக் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்று பெயர். படுத்த யானையின் முதுகுபோல விமானத்தின் பின்பக்கம் வளைந்திருப்பதால் வந்த பெயர். அங்கே கூரையின் வடிவத்தை வைத்து மாடம் என்கிறார்கள். முற்றத்தில் துளசிக்கு நான்கடி உயரத்தில் கட்டினால் துளசிமாடம். அதில் மனிதர் யாரும் குடியிருக்கப் போவதில்லை. மலையாளத்தில் காட்டோரத்தில் யானைக்குப் பயந்து மரத்தின்மேல் கட்டும் காவல் குடிசைக்கு ஏறுமாடம் என்று பெயர். தெருவோரப் பெட்டிக்கடை மாடக்கட. வெற்றிலை பாக்கும் பீடியும் விற்கிற கடையை எந்தக் கணக்கில் மாளிகை என்பது? இதற்கு மேல் சாட்சி வேண்டுமானால் நம் தெருவில் உள்ள மலையாளக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது? அளவு இல்லை. தரையிலிருந்து உயர்த்தப்பட்ட இடம். பெரும்பாலும் மேலே ஒரு மூடல். உள்ளே ஏதோ ஒன்றை வைத்துக் காப்பது. தெய்வத்தை வைத்தால் மாடக்கோயில். மனிதர் இருந்தால் மாடவீடு. செடிக்குத் துளசிமாடம், காவலாளிக்கு ஏறுமாடம். விளக்கை வைத்தால் விளக்கு மாடம். சுவரில் உள்ள சாண் அகலக் குழி, விளக்குக்குக் கட்டிய வீடு. அந்தப் பெண் பிள்ளை எழுதிய விடை இந்த வரிசையில் ஒன்று. அது கொச்சை அல்ல.

"இரண்டும் வேறு வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று" என்று சிலர் வாதிக்கலாம். அப்படியானால் அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே கதை ஏன் நடக்கிறது? தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கூடு' என்றால் பறவையின் கூடு. சுவரில் விளக்கு வைக்கும் இடமும் கூடுதான். தமிழில் கோயில் ஸ்தபதிகள் கூரை விளிம்பில் லாட வடிவத்தில் செதுக்குவதற்கும் கூடு என்றுதான் பெயர். மாமல்லபுரத்தில் அந்தக் கூடுகளுக்குள்ளிருந்து சின்ன முகங்கள் எட்டிப் பார்ப்பதைக் காணலாம். இந்தியில் சுவர்க்குழிக்கு ஆலா என்றும் தாக் என்றும் சொல்கிறார்கள். தாக் என்பது பாரசீக வழியில் வந்த சொல். வளைவு என்பது அதன் பொருள். பாக்தாத் அருகில் உள்ள தாக்-இ-கிஸ்ரா உலகத்துப் பெரிய செங்கல் வளைவுகளில் ஒன்று. அதுவும் தாக், விளக்கு வைக்கிற பொந்தும் தாக். ஒரு பொருளைக் கவனிக்காமல் ஒதுக்கிவிட்டால் 'தாக் பர் ரக் தியா' என்று இந்திக்காரர்கள் சொல்வதை நாம் தினமும் கேட்கிறோம். தமிழில் மாடத்தில் வைத்தது ஒதுக்கிய பொருளல்ல, முதலில் கைக்கு எட்ட வேண்டிய பொருள். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிக்கும்.

நாம் வாழும் குஜராத்தில் இதற்குக் கோக்லோ என்று பெயர். சமஸ்கிருத கவாக்ஷம், அதாவது பசுவின் கண் போன்ற சாளரம், திரிந்து வந்தது. குஜராத்தியர் குழியைச் சாளரத்தின் பிள்ளையாக்கினார்கள்; நாம் வீட்டின் பிள்ளையாக்கினோம். ஆனால் கட்டி வைத்ததைப் பார்த்தால் அவர்களும் நம் வழிக்கே வருகிறார்கள். ஆபு மலையில் தேஜபாலன் 1231இல் எடுப்பித்த லூணவசஹி ஜினாலயத்துக்குப் போனவர்கள், மூலவர் மண்டபத்து வாசலின் இரு பக்கமும் உள்ள இரண்டு பளிங்குக் கோக்லோக்களைப் பார்த்திருப்பீர்கள். 'தேராணி ஜேடாணி' என்று, அதாவது ஓரகத்திகள் இருவர் பெயரால், மக்கள் அவற்றைச் சொல்கிறார்கள். அவை வெறும் குழிகளல்ல. தூண், விதானம், சிகரம் எல்லாம் வைத்து, ஒரு முழுக் கோயிலைச் சுருக்கிச் சுவரில் பதித்தாற்போல் இருக்கும். நம் ஊர்க் கோயில்களில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கும் தேவகோட்டமும் அப்படித்தான். இரு பக்கம் அரைத்தூண், மேலே மகரதோரணம். சிற்பிகள் குழியைக் குழியாக விடவில்லை. வீடாகவே செய்தார்கள். சொல்லில் உள்ள உறவு கல்லிலும் இருக்கிறது.

புறாவை மறந்துவிடக் கூடாது. மாடப்புறா என்றால் 'மாளிகையில் வாழும் புறா' என்று உரை சொல்லிவிட்டுப் போகிறார்கள். புறாவுக்கு மாளிகை எதற்கு? பாறை விளிம்பில் பழகிய பறவை அது. மழை படாத மூடலும், நிற்க ஒரு விளிம்பும் இருந்தால் போதும். நெடுநல்வாடையில் குளிருக்கு அஞ்சி, இரை தேடப் போகாமல் வீட்டுப் புறா காலை மாற்றி மாற்றி நிற்குமிடமும் அப்படிப்பட்ட ஒரு கூரையடி இடம்தான். அகமதாபாத் பழைய நகரத்துக் குடியிருப்புகளில் சபுத்ரோ என்று ஒன்று இருக்கிறது. ஒற்றைத் தூண், அதன் தலையில் கூரை போட்ட சின்ன அறை, பறவைகளுக்குத் தானியம். சமணக் குடும்பங்கள் பலவும் இதற்குப் பொருளுதவி செய்து வருகின்றன. இதற்குத் தமிழில் பெயர் என்ன என்று என் பேரன் கேட்டான். புறாமாடம் என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட பொருள்களை ஏட்டிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன்பு, விளங்காத சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்து போனார். அவ்வளவு படித்தவர், படிக்காத பெண்களும் புழங்குகிற சொல்லைக் காது கொடுத்துக் கேட்டார். நம் போட்டிகளுக்கு விடைத்தாள் தயாரிப்பவர்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு பாட்டியைக் கேட்பதில் குறைந்து போய்விட மாட்டார்கள். மாடம் என்றால் மாளிகை என்றும், சுவரில் விளக்கு வைக்கும் இடம் என்றும் இரண்டையும் போட்டு, எது எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள். புத்தகம் போடுகிறவர்கள் ஒரு வரி கூடுதலாக அச்சடித்தால் போதும்.

பொருள் போனதால் சொல்லும் போகிறது என்பார்கள். பாதி உண்மை. மின்சாரம் வந்ததும் விளக்கின் தேவை குறைந்தது. ஆனால் மாடத்தை உண்மையில் அழித்தது சுவரின் கனம். ஒன்பது அங்குலச் சுவரைக் குடைந்தால் பின்னால் மிஞ்சுவது ஒரு செங்கல் அகலம்தான். அடுக்ககத்தில் அறைக்கு அறை நாலரை அங்குலத் தடுப்பு, அதில் ஆணி அடிக்கவே பயம். சாவி மேசை மேலும் விளக்கு மர மந்திரிலும் போய்ச் சேர்ந்தன. மாடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் இப்போது உள்அலங்காரம் செய்கிறவர்கள் அதையே திரும்பக் கொண்டுவருகிறார்கள். பலகையில் பொய்ச்சுவர் எழுப்பி, அதில் பள்ளம் விட்டு, உள்ளே எல்இடி விளக்கு. நிஷ் என்று பெயர், சதுர அடிக் கணக்கில் காசு. பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லின் வேரும் பறவைக்கூடுதான் என்று அகராதிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். என் மகன் வீட்டு வரைபடத்தில் வாசல் பக்கத்தில் ஒன்று போட்டிருந்தார்கள். "இங்க என்ன வைக்கப் போறீங்க ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு என் மனைவி, "மாடத்துல விளக்குதான் வைப்பாங்கம்மா" என்றாள். பலகை என்பதால் எண்ணெய் விளக்கு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாவியும் மூக்குக்கண்ணாடியும் வைத்திருக்கிறோம்.