கிளைக்குள் இருக்கும் மரம்

பொன்சாய் பழகத் தொடங்குகிறவரின் கண் முதலில் தொட்டிக்கும் கம்பிக்கும் போகும். நல்ல மரங்களைப் பார்த்துப் பழகியவர் குனிந்து அடியைத்தான் பார்ப்பார். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வேர்கள் எல்லாப் பக்கமும் விரிந்து இறங்கியிருக்கின்றனவா, அல்லது ஒரு பக்கம் மட்டும் தடித்து மறுபக்கம் வெறுமையாகக் கிடக்கிறதா? யப்பானியர் இந்த வேர்விரிவை நெபாரி என்பார்கள். கிளை பிசகினால் வெட்டிப் புதிதாக வளர்க்கலாம்; பெரிய இலையையும் காலப்போக்கில் சிறுக்கவைக்கலாம். அடி ஒழுங்காக அமையாத மரத்தைப் பத்து வருடம் பராமரித்தாலும் அந்தக் குறை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். விதையில் முளைத்த மரத்துக்கு நல்ல அடி அமைவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். பதி வைத்து, அதாவது கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்து, எடுத்த மரத்துக்கு அதை நாமே அமைத்துக் கொடுக்கலாம். பதிவைத்தலை நான் இந்தக் கலையின் மிக அழகான வேலை என்று சொல்வது அதனால்தான்.

குளிர்நாடுகளில் இந்த வேலையில் பொறுமையைக் கேட்கும் மரங்களில் ஒன்று பீச் (beech). வழுவழுப்பான சாம்பல் பட்டை, ஈட்டிமுனை போன்ற கூரிய மொட்டுகள், வாடிச் செம்பு நிறமான பிறகும் குளிர்காலம் முழுதும் கிளையை விட்டுப் போகாத இலைகள் என்று அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. யப்பானியப் பீச்சின் பட்டை முதிர முதிர வெளுத்துக்கொண்டு வரும். சிறு தோப்பாக நட்டால் அந்த வெண்மைதான் காட்சி. ஐரோப்பாவில் தோட்டங்களுக்கு விற்கிற செம்பிலைப் பீச்சில் பல ஒட்டுக்கன்றுகள். ஒட்டிய இடம் தண்டில் தழும்பாக நிற்கும். அந்தத் தழும்புக்கு மேலே பதி வைத்தால் தழும்பு தாய்மரத்தோடு போய்விடும். நமக்கு வருவது சுத்தமான தண்டு. ஆனால் பீச் வருடத்தில் பெரும்பாலும் ஒரே தடவைதான் துளிர்க்கும். இளவேனிலில் வந்த இலை முற்றியதும் பட்டையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வேர் போதாவிட்டால் இன்னொரு வருடம்.

திருகோணமலைக்கு வடக்கே, கடலும் மணலுமாகக் கிடக்கும் சல்லியில் பீச் நிற்காது. உறங்கி எழும்பக் குளிர்காலம் வேண்டிய மரம் அது. அதற்காக இங்கே யாரும் வருந்தத் தேவையில்லை. பதிவைத்தலைக் கற்கிறவருக்கு இந்தக் கரையில் ஆலும் இத்தியும் இருக்கின்றன. கோணேசர் கோயிலின் தலவிருட்சமே கல்லாலம். பிரெட்றிக் கோட்டைக்குள், புள்ளிமான்கள் திரிகிற பாதையோரத்து ஆலமரங்களை மாரியில் போய்ப் பார்த்தால் போதும். தொங்கும் விழுதுகளின் நுனி மழை ஈரத்தில் புதிதாக வெளுத்து நீண்டிருக்கும். காற்றில் நிற்கும் கிளையிலிருந்தே வேர் விடும் இயல்பு அந்த இனத்துக்கு உண்டு. ஈரத்தையும் இருட்டையும் ஓரிடத்தில் கட்டிக்கொடுத்தால் அங்கேயே வேர்விடும்.

ஆனாலும் பொன்சாய்க்கு நான் ஆலைவிட இத்தியையே சொல்வேன். ஆலின் இலை அகலம். எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் சிறு மரத்துக்குப் பொருந்தி வருவது கடினம். இத்தியின் இலை இயல்பிலேயே சிறியது. இன்னொரு நன்மையும் உண்டு. குருவி போட்ட விதையில் பழைய மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் முளைத்து, கல்லிடுக்கில் நெளிந்து தடித்த இத்தி நம்மூர்களில் ஏராளம். மதில் வெடிக்கும் என்று ஒருநாள் வீட்டுக்காரர் அதைத் தறிக்கத்தான் போகிறார். அதற்கு முன் கேட்டு வாங்கி ஒரு பதி வைத்தால், எந்த நாற்றுமேடையிலும் கிடைக்காத வளைவுள்ள தண்டு கிடைக்கும். கோயில் மரத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம்.

இனி கத்தி. அதை எடுக்குமுன் செய்யும் வேலைதான் பெரிது. கிளையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் முகம், எந்தச் சிறு கிளை நாளைக்கு உச்சி, தண்டு எங்கே வளையத் தொடங்குகிறது என்று பார்த்து, கீழ்ப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் வைத்ததாக நினைத்துப் பார்க்க வேண்டும். வளைவுக்குச் சற்றுக் கீழே வேர் வந்தால் மரம் மண்ணிலிருந்து எழும்பும்போதே அசைவோடு எழும்பும். நேரான பகுதியில் கீழே இறங்கிப் பதி வைத்தால் கம்பம்போல் ஒரு துண்டு வீணாக நிற்கும். கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் உயரத்துக்கு ஆசைப்பட்டு இந்த இடத்தில் தவறுகிறார்கள். மேலே போய், குட்டையாக எடுப்பதே ரசனை.

இடம் முடிவானபின் தண்டைச் சுற்றி இரண்டு வெட்டு. இரண்டுக்கும் நடுவே தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளியாவது வேண்டும். நடுவில் உள்ள பட்டையை உரித்து, கீழே தெரியும் வழுக்கலான பச்சைப் படையை மர வெண்மை தெரியும்வரை சுரண்டிவிட வேண்டும். அதுதான் மாறிழையம். ஒரு கீற்று மிஞ்சினாலும் மரம் அதன் வழியே புண்ணைப் பாலம்போட்டு மூடிவிடும், வேர் விடாது. ஆலும் இத்தியும் இதில் மிக வேகம். வடிகிற பாலை ஈரத்துணியால் துடைத்து, நின்றபின் மேல்வேலையைத் தொடரவேண்டும்.

இந்த வளையம் செய்யும் வேலையை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மார்செலோ மால்பீகி கவனித்திருக்கிறார். பட்டையை வளையமாக நீக்கினால் அதற்கு மேற்பகுதி வீங்குவதைக் கண்டு, இலையில் ஆன உணவு பட்டை வழியே கீழிறங்குகிறது என்று விளக்கினார். நீர் உள்ளே மரப்பகுதியான காழ் வழியாக மேலேறிக்கொண்டே இருக்கும். அதனால் இலை வாடாது. இலை ஆக்கிய சர்க்கரையும் துளிர் அனுப்பும் ஒட்சின் என்னும் ஓமோனும், பட்டையின் உட்படையான உரியம் அறுந்த இடத்தில் தேங்கும். தேங்கிய இடம் முதலில் தடித்த உதடுபோல் புடைக்கும். பிறகு அந்தப் புடைப்பிலிருந்து வேர் வரும். தாய்மரம் கிளைக்கு நீர் கொடுத்துக்கொண்டே இருக்க, கிளை தனக்கென்று வேரைச் செய்துகொள்கிறது. மரத்தைக் கொல்லாமல் அதன் மிகச் சிறந்த பகுதியைத் தனி மரமாக்குகிற முறை இது. இதைவிட நேர்மையான முறையை நான் அறியேன்.

சுற்றிக் கட்டுவதற்கு வேண்டியது நம் வளவிலேயே கிடைக்கிறது. பொச்சை ஊறவைத்துக் கழுவி, தும்புச்சோற்றையும் கொஞ்சம் தும்பையும் கலந்து, கையால் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டுகிற ஈரத்தில் வைக்கவேண்டும். கடலுக்கு அண்டிய கிணற்று நீர் கோடையில் உவர்க்கும். கழுவ மழைநீர் நல்லது. அந்த உருண்டையின் நடுவே வளையத்தின் மேல்விளிம்பு இருக்கும்படி பொதிந்து, உள்ளே தெரிகிற பொலித்தீனால் மூடி இரு முனைகளையும் இறுகக் கட்டவேண்டும். அதற்கு மேலே கறுப்புத் துணி. பொலித்தீன் வருவதற்கு முன் வங்காளத்துத் தோட்டக்காரர் நீர்ச்சட்டியைக் கிளையில் தொங்கவிட்டு, கயிற்றின் வழியே சொட்டுச் சொட்டாக நனைத்தார்கள். கொய்யா, தேசி, மாதுளைக்கு நம்மூர்த் தோட்டக்காரர் செய்வதும் இதே வேலைதான். பொன்சாய்க்காரர் கூடுதலாக வேண்டுவது வேர் சுற்றிலும் சமமாக வருவதை. அதற்கு மேல்விளிம்பு வெட்டு ஒரே மட்டத்தில், நெளிவில்லாமல் இருக்கவேண்டும். வேர் அந்தக் கோட்டில்தான் வரும். அந்த ஒரு வெட்டில் கை நடுங்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இத்தியில் நாலைந்து வாரத்தில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியத் தொடங்கும். உடனே வெட்டத் தோன்றும், வேண்டாம். அந்த வெள்ளை வேர் மிக மெலிது, தொட்டால் முறியும். வேரில் கிளைவேர் வந்து, பழையது மங்கிய பழுப்பாகும்வரை காத்திருக்கவேண்டும். கறுப்புத் துணியை விலக்கிப் பார்க்கும்போது தும்பின் கபில நிறத்துக்குள் புதிய நுனிகள் பொலித்தீனை முட்டி, இடமின்றித் திரும்பி ஓடியிருக்கும். எனக்கு இந்த வேலையில் பிடித்த காட்சி இதுதான். பூவைவிட அழகு.

புதிய வேருக்குக் கொஞ்சம் கீழே அரிந்து இறக்கவேண்டும். பொலித்தீனை மட்டும் அகற்றி, தும்புச்சோற்றைக் கலைக்காமல் அப்படியே ஆழமான சட்டியில் வைக்கவேண்டும். வேர்களை இப்போது ஒழுங்குபடுத்த முயன்றால் முறிந்துவிடும். தண்டு அசையாதபடி கயிற்றால் சட்டியோடு இறுகக் கட்டுவது கட்டாயம்; சல்லிக் காற்றில் தண்டு ஆடினால் வேர்கள் அறுந்து பட்டுவிடும். இலையில் ஒரு பகுதியைக் கிள்ளி, நிழலில் வைத்து, கடல்காற்று ஏற்றிய உப்பை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். அடுத்த மாரியில்தான் முதல் வேர் ஒழுங்கு. அப்போது மண்ணைக் கழுவி, அடிக்கட்டையை மட்டமாக வெட்டி, தட்டையான ஓட்டின்மேல் வைத்து வேர்களைத் தேர்ச்சில்லின் ஆரக்கால்களைப்போல் சுற்றிலும் விரித்து, கீழ்நோக்கிப் போவதை வெட்டவேண்டும். பதி வைத்த மரத்தில் இந்த விரிப்புக்கு வேர்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தயாராக இருக்கும். விதை மரத்தில் ஆணிவேர் கீழே ஓடி, மற்ற வேர்கள் பல உயரத்தில் பிரிந்திருக்கும். அதைச் சரிசெய்யப் பல வருடம் தேவைப்படும்.

இந்த வித்தியாசத்தை உணர்ந்துகொண்டவர் பொன்சாய்க் கண்காட்சிகளில் கொஞ்சம் நிதானிப்பார். அடிவேர் ஒரே கோட்டில், எல்லாப் பக்கமும் ஒரே பருமனில் தொடங்கியிருந்தால் அங்கே பெரும்பாலும் ஒருவர் முன்பொரு நாள் பட்டையை வட்டமாக எடுத்திருக்கிறார். அவர் பார்த்த கிளைக்குள் அந்த மரம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒரு பெரிய மரத்தைப் பார்த்து, அதன் எந்தப் பகுதி தனியாக நின்றாலும் முழுமையாக இருக்கும் என்று கண்டவரைத்தான் நான் இந்தக் கலையின் நல்ல கை என்பேன்.

வாடைமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியில் ஓயும். நவம்பரில் வைக்கிற பதிக்கு வானமே ஈரம் கொடுக்கும். தை, மாசியில் இறக்கினால் கச்சான் வீசி மண் காய்வதற்கு முன் வேர் ஊன்றிவிடும். உங்கள் மதிலில் இத்தி முளைத்திருந்தால் இந்த மாரிக்கு அதைத் தறிக்காமல் விட்டுவையுங்கள். நல்ல ஒரு கிளை தேர்ந்து பதி வையுங்கள்.